சிறுவர்களைத் துன்புறுத்தலும் அதற்குச் சட்டம் விதிக்கும் தண்டனைகளும்

(க.பொ.த. சாதாரண தரம் – குடியியற் கல்வி)

மாணவர்களே,

மனித உரிமைகள் பற்றியும் சட்டமும் நீதியும் பற்றியும் படிக்கும்போது சிறுவர் உரிமைகளை மனனம் செய்துவிடுகிறீர்கள். வாழும் உரிமை, கல்வி பெறும் உரிமை, பாதுகாப்புப் பெறும் உரிமை என வரிசையாக எழுதுகிறீர்கள். ஆனால் "ஒரு சிறுவனை அடித்துத் துன்புறுத்தியவருக்கு இலங்கைச் சட்டத்தின்படி என்ன நேரும்?" என்று கேட்டால் பெரும்பாலான விடைத்தாள்களில் "கடுமையான தண்டனை வழங்கப்படும்" என்ற ஒரே வசனம்தான் இருக்கும். இதற்குப் புள்ளி கிடைப்பதில்லை. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டுகள், யாருக்கு அது பொருந்தும் என்பவை விடையில் இருக்க வேண்டும். இப்பாடத்தில் அவற்றையே பார்க்கப் போகிறோம்.

சிறுவர் துஷ்பிரயோகம் என்பது பரந்த சொல். உடல் ரீதியானது, உள ரீதியானது, பாலியல் ரீதியானது, புறக்கணிப்பு எனப் பல வகைகள் அதனுள் அடங்கும். இங்கே உடல் ரீதியான துன்புறுத்தலையும், அதனோடு சேர்ந்தே வரும் புறக்கணிப்பையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். பாலியல் குற்றங்களுக்குத் தனியான பிரிவுகளும் வேறு தண்டனைகளும் உள்ளன. அவற்றை இதனோடு கலந்து எழுத வேண்டாம்.

சிறுவர் எனப்படுபவர் யார்?

1989 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 1 ஆம் உறுப்புரை, 18 வயதுக்குக் குறைந்த ஒவ்வொருவரையும் சிறுவர் என்கிறது. இலங்கை இச்சமவாயத்தை 1991 யூலை 12 இல் பின்னுறுதிப்படுத்தியது. அதன் 19 ஆம் உறுப்புரை முக்கியமானது. பெற்றோரோ பாதுகாவலரோ வேறு எவரோ பராமரித்து வரும் வேளையில், சிறுவருக்கு நேரும் உடல், உள ரீதியான எல்லா வன்முறைகளிலிருந்தும் அவரைப் பாதுகாக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாடசாலை ஒழுக்கம் சிறுவரின் மனித கௌரவத்துக்கு இசைவாகப் பேணப்பட வேண்டும் என 28 ஆம் உறுப்புரையின் ஒரு பகுதி கூறுகிறது.

சமவாயத்தில் கையொப்பமிட்டால் மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது என்பதை இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். சமவாயம் அரசைக் கட்டுப்படுத்தும். ஒரு தனிமனிதனைத் தண்டிப்பதற்கு நாட்டுக்குள் இயற்றப்பட்ட சட்டம் வேண்டும். அதனால்தான் 1991 க்குப் பின்னர் வந்த ஆண்டுகளில் இலங்கையின் சட்டங்கள் பல திருத்தப்பட்டன. அவற்றுள் நமக்கு வேண்டியது 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை (திருத்த) சட்டம்.

308அ பிரிவு – சிறுவருக்கு இழைக்கும் கொடுமை

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுக்குரியது. பிரித்தானியர் எழுதிய அந்தப் பழைய கோவைக்குள் 1995 இல் 308அ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. "சிறுவருக்கு இழைக்கும் கொடுமை" என்ற குற்றம் இதன் மூலமே தண்டனைச் சட்டக்கோவைக்குள் வந்தது.

இப்பிரிவு சொல்வதை எளிய தமிழில் இவ்வாறு எழுதலாம். 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தன் கட்டுக்காப்பில் அல்லது பொறுப்பில் அல்லது பராமரிப்பில் வைத்திருக்கும் ஒருவர், அந்தச் சிறுவருக்குத் துன்பத்தையோ உடல்நலக் கேட்டையோ விளைவிக்கக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே தாக்கினால், கொடுமையாக நடத்தினால், புறக்கணித்தால் அல்லது கைவிட்டால் அது குற்றம். தான் செய்யாமல் இன்னொருவரைக் கொண்டு செய்வித்தாலும் குற்றமே. உடல்நலக் கேடு என்பதனுள் கண்பார்வை, செவிப்புலன், அவயவங்கள் ஆகியவற்றுக்கு நேரும் பாதிப்பும் இழப்பும், உளப் பாதிப்பும் அடங்கும்.

இதற்குரிய தண்டனை: 2 ஆண்டுகளுக்குக் குறையாததும் 10 ஆண்டுகளுக்கு மேற்படாததுமான சிறைத்தண்டனை. இதனோடு தண்டப்பணமும் விதிக்கப்படலாம். காயங்களுக்காக, நீதிமன்றம் தீர்மானிக்கும் தொகையைப் பாதிக்கப்பட்ட சிறுவருக்கு நட்டஈடாகச் செலுத்துமாறும் கட்டளையிடப்படலாம்.

தண்டப்பணத்தையும் நட்டஈட்டையும் ஒன்றெனக் கருதி எழுதுவோர் பலர். தண்டப்பணம் அரசுக்குச் சேரும். நட்டஈடு அந்தப் பிள்ளைக்குச் சேரும். 308அ பிரிவில் இரண்டும் உண்டு.

இப்பிரிவின் சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். பரீட்சையில் சம்பவக் கற்கை வந்தால் இச்சொற்கள்தான் கைகொடுக்கும்.

முதலாவது, "கட்டுக்காப்பு, பொறுப்பு, பராமரிப்பு". தாய் தந்தையர் மட்டுமல்லர். தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, பிள்ளையை வைத்துப் பார்க்கும் அம்மம்மா, சித்தி, மாமா ஆகியோரும் இதற்குள் வருவர். சிறிய தந்தை வருவார். விடுதிப் பொறுப்பாளர் வருவார். சிறுவர் இல்லத்தை நடத்துபவர் வருவார். பாடசாலை நேரத்தில் வகுப்பைப் பொறுப்பெடுத்திருக்கும் ஆசிரியரும், மாலையில் ரியூசன் வகுப்பு நடத்துபவரும் இதற்குள் வரக்கூடியவர்களே. இதை எழுதும் நானும் அந்தப் பட்டியலில் இருக்கிறேன் என்பதை மறைத்து இப்பாடத்தைக் கற்பிக்க முடியாது.

இரண்டாவது, "வேண்டுமென்றே". தகப்பன் ஓட்டிய சைக்கிள் சறுக்கி, பின்னாலிருந்த மகனின் கை முறிந்தால் அது கொடுமை அல்ல, விபத்து. அதே கையைத் தகப்பன் முறுக்கி முறித்திருந்தால் நிலைமை வேறு.

மூன்றாவது, "விளைவிக்கக்கூடிய விதத்தில்". எலும்பு முறிந்திருக்க வேண்டும், இரத்தம் வந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. துன்பத்தை உண்டாக்கக்கூடிய விதத்தில் நடந்துகொண்டிருந்தாலே போதும். "காயம் இல்லையே, பின்னர் எப்படிக் குற்றமாகும்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்குரிய விடை இந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

நான்காவது, "புறக்கணித்தல்". கை நீட்டாமலே கொடுமை செய்யலாம். பிள்ளைக்கு உணவு கொடுக்காமல் அறையில் பூட்டி வைத்தல், கடும் நோயிலும் மருந்து எடுத்துக் கொடுக்காமல் விடுதல் ஆகியன அடியைப் போலவே இப்பிரிவினுள் அடங்கும்.

அடித்தவர் யார் என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறுமா?

மாறும். பாடத்தில் சற்றுக் கடினமான இடம் இதுவே. ஆகவே இங்கே சிறிது நேரம் நிற்போம்.

தண்டனைச் சட்டக்கோவையில் 1883 முதலே காயப்படுத்தல் பற்றிய பிரிவுகள் இருக்கின்றன. வேண்டுமென்றே ஒருவருக்குக் காயம் விளைவித்தால் 314 ஆம் பிரிவின் கீழ் 1 ஆண்டு வரை சிறை. ஆபத்தான ஆயுதத்தால், அல்லது நெருப்பு, சூடாக்கிய பொருள் போன்றவற்றால் காயம் விளைவித்தால் 315 ஆம் பிரிவின் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறை. பார்வை இழப்பு, செவிப்புலன் இழப்பு, எலும்பு அல்லது பல் முறிதல் போன்ற பாரதூரமான காயமானால் 316 ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டுகள் வரை சிறை. அதனையே ஆபத்தான ஆயுதத்தால் செய்தால் 317 ஆம் பிரிவின் கீழ் 10 ஆண்டுகள் வரை சிறை. இப்பிரிவுகள் பாதிக்கப்பட்டவர் பெரியவரா சிறியவரா என்று பார்ப்பதில்லை. எவர் எவரைக் காயப்படுத்தினாலும் பொருந்தும்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். அயல்வீட்டுக்காரர் ஒருவர் 14 வயதுச் சிறுவனுக்குச் சாதாரண காயம் உண்டாக அடித்தால் 314 ஆம் பிரிவின் கீழ் ஆகக்கூடியது 1 ஆண்டு. அதே அடியை, அந்தச் சிறுவனைப் பராமரிக்கும் பெரியப்பா கொடுமை என்று கருதத்தக்க விதத்தில் அடித்து, 308அ பிரிவின் கீழ் குற்றவாளியாகக் காணப்பட்டால் ஆகக்குறைந்ததே 2 ஆண்டுகள். அந்நியன் அடித்ததற்குரிய மேல் எல்லையை விட, சொந்தக்காரர் அடித்ததற்குரிய கீழ் எல்லை உயரமாக இருக்கிறது.

ஏன் இப்படி? அயல்வீட்டுக்காரர் அடித்தால் பிள்ளை வீட்டுக்கு ஓடி வரலாம். வீட்டிலேயே அடி விழுந்தால் எங்கே ஓடுவது? சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் யாரை நம்பி இருக்கிறதோ அவரிடமிருந்தே பிள்ளை தப்ப வேண்டியிருக்கிறது. அதனால் காயத்தின் ஆழத்தோடு நம்பிக்கை மீறப்பட்டதையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. "308அ பிரிவின் தண்டனை ஏன் கூடுதலாக உள்ளது?" என்று வினா வந்தால் இவ்விளக்கத்தை உங்கள் சொந்த வசனத்தில் எழுதுங்கள்.

12 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெற்றோரோ பராமரிப்பவரோ முற்றாகக் கைவிடும் நோக்குடன் ஓரிடத்தில் விட்டுச் செல்வது 308 ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். அதற்கு 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 308, 308அ என்ற இரு இலக்கங்களையும் மாற்றி எழுதிவிடாதீர்கள். துன்புறுத்தலால் பிள்ளை இறந்துபோனால் வழக்குக் கொலைக் குற்றத்தின் பக்கம் சென்றுவிடும். கொலைக்கு 296 ஆம் பிரிவு மரண தண்டனையை விதிக்கிறது. ஆயினும் இலங்கையில் 1976 க்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை.

"கண்டிப்பதற்காகத்தானே அடித்தேன்"

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பதும் தெரியும். இப்பழமொழிகளைச் சொல்லியே வளர்ந்த சமூகத்தில் 308அ பிரிவு எப்படிச் செயற்படும் என்ற கேள்வி நியாயமானதே.

பழைய சட்டமும் பழமொழியின் பக்கமே நின்றது. தண்டனைச் சட்டக்கோவையின் 341 ஆம் பிரிவை விளக்க 1883 இல் எழுதப்பட்ட உதாரணங்களுள் ஒன்று, ஓர் ஆசிரியர் நியாயமான அளவில் மாணவனைப் பிரம்பால் அடிப்பது குற்றமுறு வலுப்பிரயோகம் ஆகாது என்கிறது. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் தனது 71 ஆம் பிரிவில் சிறுவர் மீதான கொடுமையைக் குற்றமாக்கியது. ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை அது பாதிக்காது என்ற ஒரு வசனத்தையும் அதே பிரிவின் இறுதியில் சேர்த்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்தது போல!

1995 இன் 308அ பிரிவில் அப்படியொரு விலக்கு எழுதப்படவில்லை. இருந்தாலும் "கண்டிப்பு" என்ற வாதம் நீதிமன்றங்களுக்கு வந்துகொண்டே இருந்தது. எது கண்டிப்பு, எது கொடுமை என்று எல்லை பிரிப்பது நீதிபதியின் வேலை. அடித்த விதம், பயன்படுத்திய பொருள், பிள்ளையின் வயது, உடலின் எந்தப் பகுதியில் அடி விழுந்தது, மருத்துவ அறிக்கை என்ன சொல்கிறது என்பனவெல்லாம் அங்கே பார்க்கப்படும்.

இதற்கிடையில் வேறு சில மாற்றங்களும் வந்தன. குற்றவாளிகளுக்கு நீதிமன்றங்கள் கசையடி விதிக்க இடமளித்த காலனித்துவ ஏற்பாடுகள் 2005 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் நீக்கப்பட்டன. அதே ஆண்டில் கல்வி அமைச்சு 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலம் பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்தது. 2016 இல் 12/2016 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வந்தது. திருடியவனுக்குக்கூட நீதிபதி அடி விதிக்க முடியாது என்றான பின்னர், வீட்டு வேலை செய்யாத மாணவனுக்கு அடி விழுவது எந்த நியாயம் என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு இந்தப் பாடத்தில் முழுப் புள்ளி.

சுற்றுநிருபம் வேறு, சட்டம் வேறு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றுநிருபத்தை மீறிய ஆசிரியர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கலாம். சிறைத்தண்டனைக்குத் தண்டனைச் சட்டக்கோவையே வேண்டும். பாடசாலைச் சுற்றுநிருபம் ரியூசன் கொட்டிலுக்கு வராது என்று சிலர் நினைத்துக்கொண்டு மேசையில் பூவரசந் தடியை வைத்திருக்கிறார்கள். சுற்றுநிருபம் வராவிட்டாலும் தண்டனைச் சட்டக்கோவை அங்கேயும் வரும்.

2021 ஆம் ஆண்டின் தீர்ப்பு

அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை சித்திரவதைக்கும், கொடூரமான, மனிதாபிமானமற்ற, இழிவான நடத்துகைக்கும் தண்டனைக்கும் எவரும் உட்படுத்தப்படலாகாது என்கிறது. இது அடிப்படை உரிமை. அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் அரசின் சேவையாளர் என்பதால், அவர் மாணவனை அடித்தால் அடிப்படை உரிமை மீறல் வழக்குத் தொடர முடியும். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி உரிமை மீறப்பட்டு 1 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும்.

தென் மாகாணப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவி பாதிக்கப்பட்டது. பெற்றோர் 2017 இல் உயர் நீதிமன்றம் சென்றனர். 2021 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மாணவனின் 11 ஆம் உறுப்புரை உரிமை மீறப்பட்டதாக நீதிமன்றம் கண்டது. ஆசிரியர் தன் சொந்தப் பணத்திலிருந்து 150,000 ரூபாவும், அரசு 500,000 ரூபாவும் நட்டஈடு செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. ஓர் அறைக்கான விலை இது என்று கணக்குப் பார்க்க வேண்டாம். செவி மீண்டும் முன்போல் கேட்குமா என்பதற்கு ரூபாவில் விடை இல்லை.

இது அடிப்படை உரிமை வழக்கு. குற்றவியல் வழக்கு அல்ல. இதில் எவரும் சிறைக்கு அனுப்பப்படுவதில்லை. உரிமை மீறப்பட்டது எனப் பிரகடனம் செய்து நிவாரணம் வழங்கப்படும். குற்றவியல் வழக்கில்தான் சிறைத்தண்டனை. ஒரே சம்பவம் இரு வழக்குகளுக்கும் இடமளிக்கலாம். இந்த வேறுபாட்டை எழுதும் மாணவர் மிகக் குறைவு. எழுதினால் விடை தனித்துத் தெரியும்.

பொலிஸ் அதிகாரி போன்ற அரச உத்தியோகத்தர் ஒருவர் சிறுவனைச் சித்திரவதை செய்தால் 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டமும் பொருந்தும். அதன் தண்டனை 7 ஆண்டுகளுக்குக் குறையாத, 10 ஆண்டுகளுக்கு மேற்படாத சிறையும், 10,000 ரூபா முதல் 50,000 ரூபா வரையான தண்டப்பணமும் ஆகும்.

உடல் ரீதியான தண்டனையைச் சட்டத்தின் மூலம் முற்றாகத் தடை செய்யும் முயற்சிகள் அண்மைய ஆண்டுகளில் நடைபெற்று வந்துள்ளன. நீங்கள் பரீட்சைக்குத் தோற்றும் ஆண்டில் நடைமுறையிலுள்ள திருத்தங்களை உங்கள் பாட ஆசிரியரிடம் கேட்டுக் கொப்பியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முறைப்பாடு செய்தால் என்ன நடக்கும்?

தண்டனை எத்தனை ஆண்டு என்பது தெரிந்தும், அதுவரை செல்லும் வழி தெரியாவிட்டால் பயனில்லை. இப்பகுதியைப் பரீட்சைக்காக மட்டும் படிக்க வேண்டாம்.

1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவாக்கப்பட்டது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. எந்த நேரத்திலும் எடுக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பாதிக்கப்பட்ட சிறுவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. அயலவர், வகுப்புத் தோழி, ஆசிரியர் எவரும் அறிவிக்கலாம். பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு உண்டு. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருப்பார்கள். எவரிடம் போவது என்று தெரியாவிட்டால் நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் சொல்வதே பலருக்கு முதற்படியாக அமைகிறது.

முறைப்பாடு கிடைத்ததும் பொலிஸார் வாக்குமூலம் பெறுவர். பிள்ளையைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவர். அவர் காயங்களைப் பரிசோதித்து, அவை எப்படி, எப்போது ஏற்பட்டிருக்கலாம் என்று அறிக்கை எழுதுவார். "படியால் விழுந்தது" என்று வீட்டார் சொன்னாலும், பழைய தழும்பும் புதிய காயமும் ஒன்றாக இருந்தால் அந்த அறிக்கை பேசும். பின்னர் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கையிடப்படும். வீட்டில் இருப்பது ஆபத்தென்றால் பிள்ளையைப் பொருத்தமான உறவினர் ஒருவரிடமோ பாதுகாப்பான இடமொன்றிலோ ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். பாரதூரமான குற்றங்களில் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வார்.

பிள்ளைகள் அதிகம் அஞ்சுவது, அடித்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே என்பதற்குத்தான். இதனைக் கருத்திற்கொண்டே 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கொண்டுவரப்பட்டது. சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளில் பிள்ளை சொல்வதை முன்கூட்டியே வீடியோவில் பதிவு செய்து சாட்சியமாக முன்வைக்க அது இடமளிக்கிறது. சாட்சி சொன்னவரை அச்சுறுத்துவதும் தனிக் குற்றமாகும். இதற்காக 2015 இல் இயற்றப்பட்ட பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டத்துக்குப் பதிலாக 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

வழக்குகள் ஆண்டுக் கணக்கில் இழுபடுகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடி வாங்கியபோது தரம் 6 இல் இருந்த பிள்ளை, தீர்ப்பு வரும்போது பாடசாலையை விட்டே போயிருக்கலாம். சட்டத்தின் குறைபாடுகளைக் கேட்கும் வினாவுக்கு இது நல்ல குறிப்பு.

தண்டனை வரும்வரை காத்திருக்காமல் உடனடிப் பாதுகாப்புத் தேவையானால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உதவும். இதன்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பிள்ளையின் சார்பில் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பிள்ளை யாருடன் வசிக்கிறதோ அவர், அல்லது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அதிகாரமளித்த ஒருவர் விண்ணப்பிக்கலாம். கட்டளையை மீறினால் 10,000 ரூபா வரை தண்டப்பணம், அல்லது 1 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இச்சட்டத்தின் முதல் நோக்கம் பாதுகாப்பு. 308அ பிரிவின் நோக்கம் தண்டனை. இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

சம்பவக் கற்கைகள்

*சம்பவம் 1.* தோட்டப்புறத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விடப்பட்டாள். பீங்கான் உடைந்ததற்காக வீட்டு எசமானி அகப்பையைச் சூடாக்கி அவளது கையில் வைத்தார். ஒரு நேரச் சாப்பாடே கொடுக்கப்பட்டது.

விடை: சிறுமி எசமானியின் பொறுப்பிலும் பராமரிப்பிலும் இருக்கிறாள். ஆகவே 308அ பொருந்தும். சூடு வைத்தது தாக்குதல், உணவு கொடாமை புறக்கணிப்பு. சூடாக்கிய பொருளால் காயம் என்பதால் 315 ஆம் பிரிவையும் குறிப்பிடலாம். 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டதால் அவளை வேலைக்கு வைத்ததும் குற்றமே. "அவள் எங்கள் பிள்ளை மாதிரி" என்ற எசமானியின் கூற்று அவரைக் காப்பாற்றாது. பராமரிப்பில் இருந்தாள் என்பதை அதுவே ஒப்புக்கொள்கிறது!

*சம்பவம் 2.* மாங்காய் பறித்த 12 வயதுச் சிறுவனை வளவுக்காரர் தடியால் அடித்தார். முதுகில் தழும்பு.

விடை: வளவுக்காரரின் பராமரிப்பில் சிறுவன் இல்லை. ஆகவே 308அ பொருந்தாது. 314 ஆம் பிரிவு பொருந்தும். தடி ஆபத்தான ஆயுதமாகக் கருதப்பட்டால் 315. பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு 308அ என எழுதுவோர் இங்கேதான் புள்ளியை இழப்பர்.

*சம்பவம் 3.* சிறிய தந்தை குடித்துவிட்டு வந்து 17 வயது மாணவியைப் பெல்டால் அடிப்பது வழக்கம். தாய்க்குத் தெரியும். "வெளியில் சொல்லாதே, மானம் போய்விடும்" என்கிறார்.

விடை: 17 வயதானாலும் 18 க்குக் குறைவு என்பதால் சட்டத்தின்படி அவள் சிறுவரே. சிறிய தந்தை மீது 308அ. தாயைப் பற்றி என்ன எழுதுவது? அவர் அடிக்கவில்லை. அடிக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் பராமரிப்புப் பொறுப்புள்ளவர், துன்பம் தெரிந்தும் வேண்டுமென்றே பாராமுகமாக இருந்தால் புறக்கணிப்பு ஆகுமா என்ற கேள்வி எழுகிறது. அவரும் அந்தக் கணவனுக்கு அஞ்சி வாழ்பவராக இருக்கலாம். இரு பக்கத்தையும் எழுதி உங்கள் தீர்மானத்தைக் காரணத்துடன் கூறினால் போதும். பாதுகாப்புக் கட்டளையைத் தாயும் மகளும் சேர்ந்தே பெற முடியும் என்பதை எழுதினால் விடை சிறக்கும். மாணவி தானாகவே 1929 இற்கு அழைக்கலாம் என்பதையும் எழுதுங்கள். "மானம்" பற்றிச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. அடித்ததைச் சொன்ன பிள்ளை எந்தக் குற்றமும் செய்யவில்லை.

பயிற்சி வினாக்கள்

1. தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு எந்த ஆண்டின் எத்தனையாம் இலக்கச் சட்டத்தால் சேர்க்கப்பட்டது? அதன் ஆகக்குறைந்த, ஆகக்கூடிய சிறைத்தண்டனைகளைத் தருக.

2. தண்டப்பணத்துக்கும் நட்டஈட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் மாணவனை அறைந்து செவிப்புலன் பாதிக்கப்பட்டால், (அ) குற்றவியல் வழக்கு, (ஆ) அடிப்படை உரிமை வழக்கு, (இ) ஒழுக்காற்று நடவடிக்கை ஆகிய ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்கக்கூடிய முடிவை விளக்குக.

4. அந்நியர் ஒருவர் சிறுவரை அடிப்பதை விடப் பராமரிப்பவர் அடிப்பதைச் சட்டம் பாரதூரமாகக் கொள்வதற்கான காரணத்தை உதாரணத்துடன் ஆராய்க.

5. உங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முழுக்கைச் சட்டையோடு வருகிறான். விளையாட்டு நேரத்திலும் கையை மடிப்பதில்லை. கேட்டால் பேச்சை மாற்றுகிறான். நீங்கள் எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் இரண்டையும், அவற்றை எவரிடம் எந்த இலக்கத்தில் அல்லது எந்த அலுவலகத்தில் எடுப்பீர்கள் என்பதையும் எழுதுக.

(5 ஆம் வினாவுக்கு "அவனுக்கு ஆறுதல் கூறுவேன்" என்பது மட்டும் விடையாகாது.)